"இதை வாங்கலாமா?": கடையிலோ ஆபீஸிலோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் நான் கணக்குப் பார்க்கிறேன். முதலாளியைத் தவிர ஒன்பது பேர். ஊர் ஊராகப் போய் விலை பேசி வாங்க ஒருவர், மதிப்புப் போட ஒருவர், கழற்றி எடுக்க ஆசாரியும் இரண்டு ஆட்களும், வண்டிக்கு ஒருவர், கடையில் இரண்டு பேர், பணத்துக்கு நான்.

நான் சேர்ந்த ஏழாவது மாதம் ஒரு வளவு வீட்டிலிருந்து (நடுவில் முற்றமும் சுற்றிலும் அறைகளும் உள்ள, பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு) தேக்கு வாசல் நிலை ஒன்றும், மூன்று பெட்டி நிறையப் பித்தளை, வெண்கலச் சாமானும் வந்தன. அந்த வீட்டுக்கு ஆறு பங்காளிகள். விற்றவர் அதில் ஒருவர். சாவி அவரிடம் இருந்தது, கையெழுத்தும் அவரே போட்டார், வவுச்சரைப் பாஸ் செய்தது நான். இரண்டு மாதம் கழித்து ஒரு ஆச்சி கடைக்கு வந்தார்கள். அலமாரியிலிருந்த குத்துவிளக்கைத் திருப்பி, அடியில் வெட்டியிருந்த விலாசத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது எங்க ஆத்தாவுக்குச் சீராக் கொடுத்தது" என்றார்கள். சத்தமே போடவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே பாத்திரங்களில் உரியவர்களின் முதலெழுத்துகளை வெட்டி வைப்பார்கள். அதைத்தான் விலாசம் என்பது.)

மறுநாள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். இரண்டாவது அறையில் வேறு மாதிரிப் பூட்டு தொங்கியதை, அதை உடைத்துத் திறந்ததை டிரைவர் பார்த்திருந்தார். "சென்னைத் தங்கச்சிக்குத் தெரியுமாப்பா?" என்று எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டது ஆசாரி காதில் விழுந்திருந்தது. பாத்திரங்களில் இரண்டு வேறு விலாசம் இருப்பதை மதிப்புப் போட்டவர் கவனித்திருந்தார். என் பதிவேட்டில் 'மற்றவர் சம்மதம்' என்ற கட்டம் காலியாகவே இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. தப்பு செய்வோம் என்று யாரும் முடிவெடுக்கவுமில்லை. நான்கு பேரிடம் நான்கு துண்டு இருந்தது, அது ஒரே மேசைக்கு வரவே இல்லை.

பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தோம். நிலை அதற்குள் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டது, அது திரும்பவில்லை. மற்றப் பங்குகளுக்கான பணத்தைப் பேசி முடிக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பழைய சாமான் கடைதான் என் உதாரணம். ஆனால் இயந்திரத்தில் செய்த தரைக்கல்லைக் கையால் செய்யும் ஆத்தங்குடிக் கல் என்று பில் போடச் சொல்லும் இடத்திலும், விசைத்தறிச் சேலையைக் கண்டாங்கி என்று விற்கச் சொல்லும் கடையிலும் (காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது) இதே வழி பயன்படும்.

1. முடிவு எந்த இடத்தில் விழுகிறது என்று முதல் இரண்டு வாரத்தில் கண்டுபிடியுங்கள்

முதலாளிதான் முடிவெடுக்கிறார் என்று நினைத்து ஏமாறாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய வவுச்சர் ஐந்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன்: சரக்கு வந்த நாள், மீதிப் பணம் கொடுத்த நாள், அட்வான்ஸ் கொடுத்த நாள், முதல் பேச்சு நடந்த நாள். ஐந்திலும் விஷயம் அட்வான்ஸோடு முடிந்துவிட்டிருந்தது. அந்த வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்தபடி, வாங்கப் போனவர் பையிலிருந்து இருபதாயிரத்தை எடுத்துக் கொடுத்த நிமிடம்தான் முடிவு. அதற்குப் பிறகு நாங்கள் எல்லாரும் செய்தது அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை.

முதலாளி "அவர் பார்த்திருப்பார்" என்று நம்பினார். வாங்கப் போனவர் "ஆபீஸ்ல பார்ப்பாங்க" என்று நம்பினார். நான் "முதலாளி கேட்டிருப்பார்" என்று நம்பினேன். உங்கள் இடத்திலும் இந்த மூன்று வாக்கியமும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்டதும் குறித்துவையுங்கள்.

2. ஒவ்வொருவருக்கும் தெரிந்ததை ஒரே தாளில் சேர்க்கவும்

மொத்தத்திலும் இதுதான் முக்கியமான வேலை. செலவு ஒரு தாள்.

"ஏதாவது தப்பா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். வேலையாளிடம் தீர்ப்புக் கேட்டால் அவர் தன் பிழைப்பை நினைத்துப் பார்ப்பார். கண்ணால் கண்டதைக் கேளுங்கள், சொல்லிவிடுவார். நாங்கள் இப்போது கேட்பவை இவை:

டிரைவரிடம்: எத்தனை அறையைத் திறந்தார்கள்? சாவியால் திறந்தார்களா, உடைத்தார்களா? பூட்டு ஒரே மாதிரியா? (வளவைச் சுற்றியுள்ள அறைகள் தனித்தனிப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஆண் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும், ஒதுக்கியவை. பூட்டு மாறினால் ஆள் மாறுகிறார் என்று அர்த்தம்.)

ஆசாரியிடம்: கழற்றும்போது யார் யார் வந்து பார்த்தார்கள், என்ன சொன்னார்கள்?

மதிப்புப் போடுபவரிடம்: எத்தனை விலாசம் இருக்கிறது? ஒவ்வொன்றையும் அப்படியே எழுதித் தரவும், போட்டோவோடு.

வாங்கப் போனவரிடம்: எத்தனை பங்காளி என்று சொன்னார்கள்? யார் சொன்னது? அவர்களில் எத்தனை பேரிடம் நீங்கள் பேசினீர்கள்?

அவரவர் கையால் எழுதினால் நல்லது. எங்கள் டிரைவர் அண்ணன் எழுதத் தயங்கினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, வாசித்துக் காட்டி, கீழே தேதி போட்டு வாங்கிக்கொள்கிறேன். நாலு மணி டீ நேரத்தில் கேட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாளி அறையில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் ஒன்றும் வராது.

ஒரு பொறி: தாள் நிரம்பியதும் யாரிடமும் காட்டாமல் ஃபைலில் போட்டுவிடுவது. நிரப்பிய எல்லாரும் முழுத் தாளையும் ஒரு தடவை படிக்க வேண்டும். இரண்டாவது முறை இதைச் செய்தபோது, டிரைவர் எழுதியதைப் படித்த பிறகுதான் ஆசாரி அண்ணன், "அட, அந்த ரூமா? அதைப் பத்தித்தான் எதிர்வீட்டு ஐயா என்கிட்டச் சொன்னார்" என்றார்.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

விற்கிறவர் கொடுக்கும் கையெழுத்துத் தாள் ஒன்று போதும் என்று சொல்வார்கள். போதாது. நாங்கள் இப்போது கேட்பவை:

அ. பங்காளி வரிசை. வீடு கட்டியவரிலிருந்து இன்றுவரை ஒரு தாளில் வரைந்த குடும்ப மரம். வீட்டில் இருக்கும் வயதான ஆச்சி ஒருவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். மகள்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். புள்ளிக் கணக்கில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதால் பட்டியலிலும் விட்டுவிடுவார்கள். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு. சீராக வந்த சாமான் அந்தப் பெண்ணுக்கே சொந்தம். அவர் காலத்துக்குப் பின், உயில் இல்லாவிட்டால், கணவரோடு மகன், மகள் எல்லாருக்கும் சமமாகப் போகும். நான் தவறியது இந்த இடத்தில்தான்.

ஆ. அண்மையில் இறந்தவர்களுக்கு வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய். வருவாய் அலுவலகத்திலிருந்து விசாரித்துக் கொடுப்பார்கள் என்பதால் சில வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறைக்கு முன் போனவர்களுக்குச் சான்று எதிர்பார்த்து உட்கார வேண்டாம், அங்கே பங்காளி வரிசைதான் துணை.

இ. வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதன் நகலையும் கேளுங்கள்.

ஈ. ஒவ்வொரு பங்குக்காரரின் சம்மதக் கடிதம், அடையாள அட்டை நகலோடு. வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தால், அதில் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் இருக்கிறதா பாருங்கள். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். இந்தத் தேதியைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

உ. சாமான்களின் போட்டோப் பட்டியல், விலாசத்தோடு. 100 வருடத்துக்கு மேற்பட்ட சாமான் (கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 வருடம்) 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரலாம். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சிலைகளும் ஓவியங்களும் வந்தால் பதிவுச் சான்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று. "ரொக்கமாக் கொடுங்க, மொத்தமா என் கையில கொடுங்க" என்று விற்பவர் வற்புறுத்தினால் நின்று யோசியுங்கள். ஒரே கொடுக்கல்வாங்கலில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, ஒவ்வொரு பங்கையும் அவரவர் வங்கிக் கணக்கில் நேராகப் போட்டால், சம்மதம் உண்மையா என்பது தானே தெரிந்துவிடும். கணக்கு எண் கேட்டு ஒரு போன் செய்தாலே பாதிக் கதை வெளியே வந்துவிடுகிறது.

4. அட்வான்ஸுக்கு முன்னால் கேளுங்கள்

அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்கிற கேள்விக்கு மதிப்புக் குறைவு. போட்ட பணம் போய்விடும் என்ற பயம் சேர்ந்துகொள்ளும். லாரி ஏறிய பிறகு கேட்டால் நீங்கள் தொந்தரவுக்காரர். அதனால் முதலாளியிடம் ஒரே ஒரு விதியை மட்டும் கேட்டு வாங்கினேன்: தாள் நிரம்பாமல் அட்வான்ஸ் கிடையாது. அவர் ஒத்துக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. "அதுக்குள்ள வேற கடைக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்மா" என்றார். சிலதைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அதை மறைக்க மாட்டேன்.

5. கேள்வியின் திசை திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கூட்டத்தில் நடப்பது இது. "எல்லாருக்கும் சம்மதம்தானா?" என்று நீங்கள் தொடங்குவீர்கள். ஐந்து நிமிடத்தில் அது "சம்மதம் இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று மாறிவிடும். இப்போது காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில். உங்களிடம் ஆதாரம் இல்லை. வாங்கலாம் என்று எழுந்துவிடுவார்கள்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் கிளம்ப வேண்டிய சேலஞ்சர் விண்ணோடத்தைப் பற்றி அமெரிக்காவில் தொலைபேசியில் ஒரு கூட்டம். அந்தக் குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது என்று ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் தடுத்தார்கள். வழக்கமாகப் பறப்பது பாதுகாப்பு என்றுதான் காட்ட வேண்டும். அன்று பாதுகாப்பில்லை என்று நிரூபிக்கும் நிலைமை வந்தது. கடைசியில் பொறியாளர்களை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் மேலாளர்கள் நான்கு பேர் மட்டும் முடிவைச் சொன்னார்கள். மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள்.

அதனால் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்: "சம்மதம் இருக்கிறது என்று வாங்குகிறவர் காட்ட வேண்டும்." பேச்சு திரும்பும்போது அந்த வரியைத் தொட்டுக் காட்டினால் போதும்.

6. "சட்டப்படி சரிதானே" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

எங்கள் வக்கீல் சொன்னது என்னைக் குழப்பியது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், பல பேருக்குப் பொதுவான சரக்கு, மற்றவர்கள் அனுமதியோடு ஒருவர் கையில் மட்டும் இருந்து, அவர் விற்கும்போது, விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு உரிமை சேர்ந்துவிடும்.

இதைக் கேட்டதும் எங்கள் ஆபீஸில் ஒருவர், "அப்ப நாம கேக்காம இருக்கறதுதான் நல்லது" என்றார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் தெரியாமல் இருப்பதில் லாபம் என்று வந்துவிட்டால், ஒவ்வொருவரும் தன் துண்டைத் தன்னோடு வைத்துக்கொள்வார்கள். டிரைவர் பூட்டைப் பார்த்திருக்கிறார், ஆசாரி பேச்சைக் கேட்டிருக்கிறார். அவர்கள் நம் ஆட்கள். அவர்கள் கண்ட பிறகு நமக்குத் தெரியாது என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? வக்கீலிடம் போகும்போது தாளையும் கொண்டுபோய், "எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு தெரியும், இதோடு சேர்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எங்களுக்குப் பதில் அப்படியே மாறியது.

7. தனியாகப் போகாதீர்கள்

யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1960களின் தொடக்கத்தில் செய்த சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி நிஜமல்ல, விசையை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள். கூட இருந்த இரண்டு பேர் "முடியாது" என்று நிறுத்திக்கொண்ட இன்னொரு சோதனையில், 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள்.

உங்களுக்கு வேண்டியது பெரும் கூட்டமல்ல, ஒருவர். வேறு வேலை பார்ப்பவராக இருந்தால் நல்லது. எனக்கு ஆசாரி அண்ணன். "அண்ணே, நாளைக்கு நான் கேக்கும்போது நீங்க கண்டதை மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவைத்தேன்.

8. உங்களை மீறி முடிவெடுத்தால்

இதுவும் நடந்தது. ஒரு தடவை ஏழு பங்குக்காரர்களில் ஐந்து பேர் சம்மதம்தான் வந்திருந்தது. முதலாளி வாங்கலாம் என்றார். நான் செய்தவை: வவுச்சரில் கையெழுத்துப் போடவில்லை. "இரண்டு சம்மதம் வராததால் நான் பாஸ் செய்யவில்லை" என்று தேதியோடு ஒரே வரி எழுதி, ஒரு நகலை அவரிடம் கொடுத்து, ஒன்றை ஃபைலில் வைத்தேன். அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். கோபம் நாலைந்து நாள் இருந்தது.

அந்தச் சரக்கில் பிரச்சினை எதுவும் வரவில்லை. "பார்த்தியாம்மா?" என்றார். பிரச்சினை வராததால் அந்த இரண்டு பேரிடம் கேட்காதது சரியாகிவிடாது என்று அவரிடமே சொன்னேன். பிறகு அந்த இரண்டு பேருக்கும் போன் செய்து பங்கை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

வேலை போகும் அபாயம் இருக்கிறதா? இருக்கிறது. சின்ன நிறுவனத்தில் உங்களைக் காக்கும் ஏற்பாடு குறைவு. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி, பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் கம்பெனி, வங்கிகளிடம் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கிய கம்பெனி ஆகியவை முறைகேட்டைத் தெரிவிக்க ஒரு வழியும், தெரிவிப்பவருக்குப் பாதுகாப்பும் வைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 177ஆம் பிரிவு. எங்களைப் போன்ற கடைகளுக்கு அது பொருந்தாது. பாலியல் தொல்லை என்றால் வழி தனி: 10 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் உள் குழு இருக்க வேண்டும், அதற்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு, 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

மூன்று மாதச் சம்பளம் சேமிப்பில் இருந்தால் கை நடுங்காமல் அந்த ஒரு வரியை எழுதலாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சம்பளத்திலிருந்தே ஒதுக்குங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

9. செலவும் காலமும்

தாள் நிரப்ப ஒரு நாள். பங்காளி வரிசைக்கு ஒரு நடை. சம்மதக் கடிதங்கள் எங்களுக்கு மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகின்றன. போன், தபால், நகல், நோட்டரி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒரு வாங்கலுக்கு 1,500இலிருந்து 2,500 ரூபாய். அந்த முதல் தவறைச் சரிசெய்ய, பங்குப் பணம் போக, வக்கீலுக்கும் வண்டிக்கும் மட்டும் 38,000 ஆனது. இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி முதலாளியிடம் காட்டினேன். அவர் விதிக்கு ஒத்துக்கொண்டது அன்றுதான்.

காலத்தைச் சுருக்க ஒரு வழி உண்டு. பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வரும் நாள்கள் இருக்கின்றன: படைப்பு, கோயில் திருவிழா, வீட்டுக் கல்யாணம். எப்போது என்று முன்கூட்டியே கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். படைப்பு அன்றைக்கே தாளை நீட்டாதீர்கள். முன்னோர்களை நினைத்துக் கும்பிட வந்த நாளில் நிலையை விற்பது பற்றிப் பேசினால் மனம் கசந்துவிடும். ஒருவருக்கு விருப்பமில்லை என்றாலும் கூட்டத்தில் சொல்ல மாட்டார். மறுநாள் காலை, பலகாரம் முடிந்து, ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டுவதற்கு முன் போங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேளுங்கள். வெளியூரிலிருந்து வந்த மகள்களிடம் முதலில் கேளுங்கள், அவர்களுக்குத்தான் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நேரமாகிவிடும்.